செல்லியை வீட்டுக்கு அழைத்து வரலாமா? கால்நடை மருத்துவரின் பதில்

சேலம் அழகாபுரத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றி, நாய்க்கும் வேறு பெயர் வைத்து அதன் சுருக்கத்தைத் தருகிறேன். அவருக்கு வயது 61. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவருக்கு 65. வாக்கர் பிடித்து நடக்கும் 83 வயது மாமியாரும் உடன் இருக்கிறார். அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் சொந்த வீடு. ஏற்காடு அடிவாரத்தில் தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு சிறு காப்பகத்துக்குப் பழைய போர்வைகளைக் கொடுக்கப் போனவர், அங்கிருந்த செல்லி என்ற பெண் லேப்ரடாரைப் பார்த்துவிட்டு வந்தது முதல் அவள் நினைவாகவே இருக்கிறார். இரண்டு மாதங்களுக்கு முன் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில், கழுத்தில் அறுந்த கயிற்றோடு கண்டெடுக்கப்பட்டவள் அவள். எட்டு வயது என்கிறார் ஒருவர், பன்னிரண்டு என்கிறார் மற்றொருவர். எழுந்து நிற்கச் சிரமப்படுகிறாள், கண்களில் நீலப் புகை படிந்திருக்கிறது, குரல் கரகரக்கிறது, மடியில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருக்கிறது. கட்டியை அகற்றிக் கருத்தடையும் செய்ய வேண்டும் என்கிறார்கள் தன்னார்வலர்கள். “சாகப் போகிற வயதில் அவளுக்கு எதற்குக் கத்தி?” என்று கேட்கிறார் வாசகி. புதிதாக நாய் வளர்க்கக் கூடாது, லிஃப்டில் ஏற்றவே கூடாது என்று குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் சொல்லிவிட்டார். கணவரோ, மூன்றாண்டுகளுக்கு முன் தங்கள் நாய் இறந்ததை நினைவூட்டி, “இன்னொரு சாவை என்னால் பார்க்க முடியாது” என்று எழுந்து போய்விட்டாராம்.

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும், உடனே கவனிக்க வேண்டியது நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான்: “தண்ணீரைக் கண்டால் விடுவதில்லை, காலிப் பாத்திரத்தையும் நக்கிக்கொண்டிருக்கிறாள்.” தத்தெடுப்பதா வேண்டாமா என்பதற்கு ஒரு மாதம்கூட எடுத்துக்கொள்ளலாம். இந்தத் தாகத்தின் காரணத்தை இந்த வாரமே கண்டறிய வேண்டும். ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

தாகமும் கட்டியும் கருத்தடையும்

ஆரோக்கியமான நாய் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லி வரை தண்ணீர் குடிக்கும். வெயில் காலத்தில் சற்றுக் கூடும். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால் நோயின் அறிகுறியாகவே கொள்வோம். செல்லி 26 கிலோ இருப்பாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இரண்டரை லிட்டருக்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும். காப்பகத்தில் பல நாய்களுக்கும் ஒரே தொட்டி என்பதால் யாரும் அளந்திருக்க மாட்டார்கள். ஒரு நாள் மட்டும் அவளைத் தனியே வைத்து, லிட்டர் பாட்டிலால் அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தைக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதிகம் குடிக்கிறாள் என்று தெரிந்தாலும் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் இத்தகைய நாய்கள் சிறுநீராக நிறைய இழப்பதால்தான் அந்த இழப்பை ஈடுகட்டக் குடிக்கின்றன. தண்ணீரை மறைத்து வைத்தால் ஓரிரு நாளில் துவண்டுவிடும்.

இந்தத் தாகத்துக்குச் சிறுநீரக நோய், சர்க்கரை நோய், அட்ரினல் சுரப்பிக் கோளாறு எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் கருத்தடை செய்யாத, வயதான ஒரு பெண் நாய் என்றதும் எனக்கு முதலில் தோன்றும் அச்சம் கருப்பையில் சீழ் பிடித்திருக்குமோ என்பதே. நாய்களுக்கு மனிதப் பெண்களைப்போல் மாதவிடாய் நிற்கும் பருவம் என்று ஒன்று கிடையாது. வயதானாலும், இடைவெளி கூடினாலும், பருவச் சுழற்சி தொடர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு சுழற்சிக்குப் பின்பும் கருப்பை சில வாரங்கள் ஹார்மோனின் பிடியில் இருக்கிறது. அப்போது கிருமி புகுந்தால் உள்ளே சீழ் சேரும். கருப்பையின் வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே கசிவது கண்ணுக்குத் தெரியும். மூடியிருந்தால் எதுவும் தெரியாது. அதிகத் தாகம், சோர்வு, உணவில் வெறுப்பு, வாந்தி என்று சில நாள்களில் நிலைமை கைமீறிப் போகும். வயிற்று ஸ்கேன் ஒன்றில் பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும்.

‘வயதாகிவிட்டது, இனிக் கருத்தடை எதற்கு’ என்ற எண்ணத்தை நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்பதற்குக் காரணம் இதுதான். குட்டி போடாமல் தடுப்பது இந்த வயதில் ஒரு பொருட்டே இல்லை. சீழ் பிடிக்கக்கூடிய ஓர் உறுப்பை, அவள் நல்ல நிலையில் இருக்கும்போதே நிதானமாக எடுத்துவிடுகிறோம் என்பதே செய்தி. சீழ் பிடித்த பின் நள்ளிரவில் அவசரமாகச் செய்யும் அறுவையைவிட இது பல மடங்கு பாதுகாப்பானது.

மடிக் கட்டியும் அப்படியே. பெண் நாய்களின் மடியில் வரும் கட்டிகளில் ஏறத்தாழப் பாதி சாதாரணக் கட்டிகள், பாதி புற்று. தொட்டுப் பார்த்து எவராலும் உறுதி சொல்ல முடியாது. எடுத்த கட்டியைத் திசு ஆய்வுக்கு அனுப்பினால்தான் தெரியும். மூன்று சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்கும்போதே எடுத்துவிட்டால், புற்றாகவே இருந்தாலும் நல்ல முடிவுக்கு வாய்ப்பு அதிகம். உங்கள் நெல்லிக்காய் உவமை சரியானால் கட்டி அந்த அளவுக்குள்தான் இருக்கிறது. அறுவைக்கு முன் மார்பு எக்ஸ்ரே எடுத்து, நுரையீரலுக்குப் பரவவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டி, கருப்பை இரண்டையும் ஒரே மயக்கத்தில் முடித்துவிடலாம். வயது மட்டுமே மயக்க மருந்துக்குத் தடை ஆகாது; இதயமும் சிறுநீரகமும் ஈரலும் எப்படி இருக்கின்றன என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுப்போம். உள்ளூரில் ஸ்கேன், திசு ஆய்வு வசதி கிடைக்காவிட்டால் சுமார் 50 கிலோமீட்டரில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

வயதைப் பற்றி

பால் பற்கள் விழுந்து நிலைப் பற்கள் முளைக்கும் ஏழாம் மாதம் வரைதான் பல்லைப் பார்த்து ஓரளவு துல்லியமாக வயது சொல்ல முடியும். அதன் பிறகு தேய்மானத்தையும் பல்லில் படியும் காரையையும் வைத்துச் செய்வது ஊகமே. கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டே வாழ்ந்த நாய்க்கு ஐந்து வயதிலேயே பல் தேய்ந்திருக்கும். நீங்கள் அனுப்பிய படங்களில் செல்லியின் முன்கால் முட்டிகளில் தடித்த காய்ப்பு தெரிகிறது, மடிக்காம்புகள் நீண்டு தொங்குகின்றன. பல ஆண்டுகள் சிமெண்ட் தரையில் படுத்து, பல ஈற்றுக் குட்டிகள் போட்டவள் என்று நினைக்கிறேன். குட்டி விற்பதற்காக வைத்திருந்து, பயன் தீர்ந்ததும் மலையில் இறக்கிவிட்டுப் போயிருக்கலாம். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்க நேரும் நிலையில் கைவிடுவது குற்றம். முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதிக்கும் அபராதம் 10 முதல் 50 ரூபாய். அந்தத் தொகை இன்று மாலைச் சிற்றுண்டிச் செலவுக்குத்தான் ஆகும்.

ஆனால் இது என் ஊகம் என்பதை மறவாதீர்கள். அறுந்த கயிறு என்பது தொலைந்துபோன நாயின் அடையாளமாகவும் இருக்கலாம். தோலடியில் உரிமையாளரைக் கண்டறிய உதவும் மைக்ரோசிப் இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்தார்களா, காவல் நிலையத்தில் தகவல் கொடுத்தார்களா, ஏற்காட்டிலும் அடிவாரத்திலும் விசாரித்தார்களா என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாய் இன்னமும் சட்டத்தின் பார்வையில் உடைமைதான். ஆறு மாதம் கழித்து ஒருவர் உரிமை கோரி வந்தால் அந்தக் காகிதம் உங்களுக்கு உதவும். வெறிநோய்த் தடுப்பூசி போட்டதற்குத் தேதியும் மருத்துவர் கையொப்பமும் உள்ள சான்று இல்லையென்றால், போடவில்லை என்றே கருதி மறுபடி போட்டுவிட வேண்டும். இரண்டாம் முறை போடுவதால் தீங்கில்லை.

லேப்ரடார்கள் பொதுவாகப் பத்து முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும்; அதற்கு மேல் போனவற்றையும் பார்த்திருக்கிறேன். நாயின் ஓராண்டு மனிதனின் ஏழாண்டு என்று நீங்கள் போட்டிருக்கும் கணக்கு சரியில்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் நாய் இருபதைத் தாண்டிய இளைஞனாகிவிடும். பிறகு ஆண்டுக்கு நான்கைந்து என்று ஊர்ந்து செல்லும், பெரிய உடல்வாகு உள்ளவற்றுக்குச் சற்று வேகமாக. பத்து வயது லேப்ரடார் உங்கள் கணவரின் வயதை ஒட்டியவள் என்று வைத்துக்கொள்ளுங்கள்; அவருக்கு யாரும் ‘சாகப் போகிற வயது’ என்று சொல்லிவிட முடியாது அல்லவா?

கண்ணில் தெரியும் நீலப் புகையும் பெரும்பாலும் லென்ஸ் முதிர்வதால் வருவது. பார்வையைப் பெரிதாகப் பாதிக்காது. புரைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு, விளக்கடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கரகரத்த குரலை அப்படி ஒதுக்கிவிட மாட்டேன். வயதான லேப்ரடார்களில் குரல்வளையின் நரம்பு தளர்ந்து மூச்சுப்பாதை சரியாகத் திறக்காமல் போவதுண்டு. குரல் மாற்றமே அதன் முதல் அடையாளம். அப்படியிருந்தால் குளிர்ந்த நேரத்தில் சமாளிப்பவள், சேலத்தின் சித்திரை வெயிலில் திணறிப்போவாள். நடைப்பயிற்சியை விடியற்காலைக்கும் இரவுக்கும் மாற்ற வேண்டும். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை வாங்க வேண்டும்.

உங்கள் வீட்டில் அவள்

வயதான நாய் தொந்தரவு இல்லாமல் ஒரு மூலையில் கிடக்கும், மாலையில் பால்கனியில் கட்டிவைத்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். நாய் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற இந்த நம்பிக்கையோடு தத்தெடுத்தவர்கள்தான் மூன்றாம் வாரம் எனக்குத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். சிமெண்ட் தரையிலேயே படுத்து, அங்கேயே கழித்துப் பழகியவளுக்கு உங்கள் டைல்ஸ் தரையும் அதே தரைதான். அவள் வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் அது திமிரும் அல்ல, முதுமையின் மறதியும் அல்ல. வெளியே போக வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எழுந்தவுடனும், உண்டவுடனும், படுக்குமுன்னும் கீழே அழைத்துப் போய், கழித்ததும் ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். பத்து வயதிலும் கற்றுக்கொள்வார்கள். நீங்கள் முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். பொறுமையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டைல்ஸ் தரையில் மூட்டுவலி உள்ள நாய் எழ முயன்று வழுக்கும். இரண்டு முறை வழுக்கினால் மூன்றாம் முறை எழவே அஞ்சும். அவள் படுக்கும் இடத்திலிருந்து கதவு வரைக்கும் வழுக்காத ரப்பர் விரிப்பு போட்டுவிடுங்கள். எடை கூடாமல் பார்த்துக்கொள்வதே மூட்டுக்குப் பாதி மருந்து. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று அரை பாராசிட்டமால் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். அது நாயின் ஈரலைக் கெடுக்கும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை குடலில் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும். நாய்களுக்குரிய வலி மருந்துகள் இருக்கின்றன. அவற்றையும் ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகே தொடங்குவோம்.

உணவில் தயிர்சாதம் மட்டும் போதாது. வயதான நாய்க்குத் தசை கரைவதால் நல்ல புரதம் தேவை. முட்டையும் கோழியும் உங்கள் சமையலறையில் புழங்காது என்றால் தரமான தயார் உணவைக் கொடுங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகாது. சேலத்துக்காரர்களுக்கு மட்டும் இன்னொன்று சொல்ல வேண்டும். மாம்பழக் காலத்தில் என்னிடம் வயிற்று அறுவைக்கு வரும் லேப்ரடார்களில் சிலவற்றின் குடலில் அடைத்துக்கொண்டிருப்பது மாங்கொட்டை. குப்பைக் கூடைக்கு மூடி போடுங்கள்.

உங்கள் மாமியாரை எண்ணித்தான் எனக்கு உண்மையான தயக்கம். நாய் கடிக்கும் என்பதைவிட, வாசற்படியில் குறுக்கே படுத்திருக்கும் நாய்மேல் வாக்கர் இடித்து அவர் விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் அச்சம். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிவு என்பது குடும்பத்தையே படுக்கவைக்கும். அவர் அறைக்கும் கூடத்துக்கும் இடையில் ஒரு சிறு தடுப்புக் கதவு, நாயின் பட்டையில் மணி, இரவில் அணையாத விளக்கு, இம்மூன்றும் செல்லி வருவதற்கு முன்பே இருக்க வேண்டும். பூஜை அறைப் பக்கம் நாய் வரக் கூடாது என்று அவர் சொன்னாராம். அதே தடுப்பு அதற்கும் உதவும். அவரிடம் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

சங்கத்தின் தடை

இந்தியப் பிராணிகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, குடியிருப்புச் சங்கம் பெரும்பான்மை வாக்கால்கூடச் செல்லப் பிராணிகள் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது. லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்ல முடியாது. ஒன்றுக்கு மேற்பட்ட லிஃப்ட் இருந்தால் ஒன்றை ஒதுக்கித் தரலாம், அவ்வளவே. எழவே சிரமப்படும் நாய்க்கு நாள்தோறும் இரண்டு மாடி ஏறி இறங்குவது வதைக்குச் சமம் என்பதால், லிஃப்டை மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது. அதே வழிகாட்டுதல்கள் உங்களுக்கும் கடமைகளைச் சொல்கின்றன: பொது இடத்தில் கயிற்றோடு அழைத்துச் செல்வது, தடுப்பூசி, அண்டை அயலாருக்கு இடைஞ்சல் இல்லாதிருப்பது. கழிவை நீங்களே எடுத்துவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

இவை வழிகாட்டுதல்கள்தாம், சட்டப்புத்தகத்தின் பிரிவுகள் அல்ல. ஆகவே வக்கீல் நோட்டீசில் தொடங்காதீர்கள். தடுப்பூசிச் சான்றின் நகலோடு செயலாளரைப் பார்த்து, அவருடைய தடையை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். வாய்மொழித் தடைகள் எழுத்தில் வரும்போது பெரும்பாலும் மெலிந்துவிடுகின்றன.

உங்கள் கணவர் சொன்னது

அவரைக் கல்நெஞ்சர் என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பதை நான் ஏற்கவில்லை. உங்கள் பழைய நாயின் கடைசி நான்கு நாள்களும் அவர்தான் அதைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அந்த நாயின் வாழ்வை அதிகம் பார்த்தீர்கள், அவர் அதன் சாவை அதிகம் பார்த்தார். செல்லி வந்தால் சில ஆண்டுகளில், ஒருவேளை சில மாதங்களிலேயே, அதே இடத்துக்கு இருவரும் வந்து நிற்பீர்கள். அதை அவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

எனவே அவரிடம் செல்லியின் நல்ல குணங்களை எடுத்துச் சொல்வதை நிறுத்திவிட்டு, முடிவைப் பற்றிப் பேசுங்கள். தீராத வலி என்று மருத்துவர் சொன்னால் எவ்வளவு தூரம் சிகிச்சையைத் தொடர்வது, எந்தக் கட்டத்தில் நிறுத்துவது, யார் கூட இருப்பது என்பதை அவள் நலமாக இருக்கும்போதே பேசி வைத்துக்கொள்ளலாம். உண்பது, எழுவது, வாலாட்டி வரவேற்பது ஆகிய மூன்றில் இரண்டு நின்றுபோய் ஒரு வாரம் ஆனால் என்னை அழையுங்கள் என்று நான் பலருக்குச் சொல்வதுண்டு. விடைகொடுக்க வேண்டி வந்தால், முதலில் தூங்கவைக்கும் ஊசி, அவள் ஆழ்ந்து உறங்கிய பின் நரம்பில் மயக்க மருந்தின் மிகை அளவு, அவ்வளவே. வீட்டில் அவள் படுக்கையிலேயே செய்யலாம். உங்கள் கணவர் கண்ட அந்த நான்கு நாள்கள் மறுபடி வராமல் இருக்க வழி உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். தெரிந்த பிறகும் வேண்டாம் என்றால், அந்த மறுப்பை மதியுங்கள். ஒருவர் விருப்பமில்லாமல் வீட்டுக்கு வந்த நாய், இரவு மூன்று மணிக்கு வயிற்றுப்போக்கு வரும்போது அந்த வீட்டுக்குப் பெரும் பாரமாகிவிடும்.

என் யோசனை, தத்துப் பத்திரத்தில் இப்போதே கையெழுத்துப் போட வேண்டாம் என்பது. பரிசோதனையும் அறுவையும் முடியும்வரை சட்டப்படி அவள் காப்பகத்தின் பொறுப்பிலேயே இருக்கட்டும். அதன் பின் ஆறு வாரம் உங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கிறோம் என்று எழுதிக் கொடுத்து அழைத்து வாருங்கள். அந்த ஆறு வாரத்தில் மருத்துவச் செலவு யாருடையது, ஒத்துவராவிட்டால் மறுபேச்சின்றித் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதும் அதில் இருக்க வேண்டும். முதல் மூன்று நாள் அவள் உண்ணாமல் ஒடுங்கிக் கிடக்கலாம். அதைப் பார்த்து அவளுக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்று எண்ண வேண்டாம். அவளுடைய உண்மையான குணம் தெரிய மூன்று வாரமாவது ஆகும், வீடு தன்னுடையது என்று அவள் நம்ப மூன்று மாதம் ஆகும் என்பது மீட்புப் பணியில் இருப்பவர்களின் பட்டறிவு. கூடுதலாக ஒரு வங்கிக் கணக்கில் மாதந்தோறும் கொஞ்சம் போட்டு வாருங்கள். இந்த வயது நாய்களைக் காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் புதிதாகச் சேர்ப்பதில்லை.

பரிசோதனைக்கு எந்தக் கால்நடை மருத்துவரிடம் போனாலும் காலை நேரத்தில் போங்கள். முந்தைய இரவு எட்டு மணிக்குமேல் உணவு வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம். விடிந்ததும் அவள் முதல் முறை கழிக்கும் சிறுநீரைக் குழிக்கரண்டியில் பிடித்து, சுத்தமான பாட்டிலில் ஊற்றி எடுத்துச் செல்லுங்கள். சிறுநீரகம் நீரைத் தக்கவைக்கிறதா என்பதை ரத்தத்துக்கு முன்பே அது காட்டிக்கொடுக்கும். அளந்த தண்ணீர்க் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 26 கிலோ நாயைக் காரில் ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டும். உங்கள் கணவரைக் கூப்பிட்டுப் பாருங்கள்.